மனசில்லாமல் செய்கிற பணிவிடை அன்பாகுமா?

முத்துநகர் மருமகள், 2025 மார்ச் 27

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசிக்க மட்டும் வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 53 வயது. தூத்துக்குடியில் பனிமய மாதா கோவில் மணி காதில் விழுகிற தூரத்தில் வீடு. மாமியாருக்கு 84. ஆறு வருடமாக மறதி நோய். முதலில் அடுப்பில் வைத்த பாலை மறந்தார்கள், அப்புறம் கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியை மறந்தார்கள், போன வருடம் என்னை மறந்துவிட்டார்கள். இப்போது நான் அவர்களுக்கு 'சிஸ்டர்'. தான் ஏதோ ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், நான் அங்கே வேலை செய்கிற கன்னியர் என்றும் நினைப்பு. குளிப்பாட்டி, பவுடர் போட்டு, சேலையைச் சுற்றி உட்காரவைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள்: "நீங்க நல்லா இருப்பீங்க சிஸ்டர். எம் மருமவ இப்ப வந்துருவா. வந்ததும் உங்களுக்குத் துட்டு வாங்கித் தாரேன்."

என் வீட்டுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். தூக்க, பிடிக்க, மாத்திரை வாங்க எல்லாவற்றுக்கும் ஓடி வருவார். ஆனால் துணி மாற்றுவதும் கழுவிவிடுவதும் நான்தான். மகன் முன்னால் மாமிக்குக் கூச்சம். அந்தக் கூச்சம் மட்டும் இன்னும் மறக்கவில்லை.

மாமா தோணியில் தண்டலாக, அதாவது தோணியை ஓட்டுகிற தலைவராக, இருந்தவர். கொழும்புக்கும் பிற்பாடு மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போவார்கள். காற்று ஒத்துவராவிட்டால் சொன்ன நாளில் திரும்ப முடியாது, தகவலும் வராது. அப்போதெல்லாம் மாமி பொழுது சாய்கிற நேரத்தில் வாசல் நடையில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவார்களாம். மாமா இறந்து 19 வருடம் ஆகிறது. மாமி இன்றைக்கும் சாயங்கால மணி அடித்தால் எழுந்து வாசலுக்குப் போகிறார்கள். "தோணி வந்துருச்சா?" என்று கேட்பார்கள். "மாமா இறந்துட்டாங்க மாமி" என்று சொன்னால், அப்போதுதான் முதல் தடவை கேட்பதுபோல் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி. ஒரு மனுஷியை எத்தனை தடவைதான் விதவையாக்குவது?

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். போன வாரம் ஒரு நாள், இரவு 2 மணி இருக்கும். மூன்றாவது தடவையாக எழுந்து, உடுத்தியிருந்ததை எல்லாம் அவிழ்த்துப் போட்டு, தரையை நனைத்துவிட்டு, கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். "செத்துத் தொலைஞ்சாலாவது நான் தூங்குவேன்" என்று கத்தினேன். மாமி சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டு, "அடிக்காதீங்க சிஸ்டர், எம் மருமவ வந்தா உங்களக் கேப்பா" என்றார்கள்.

காலையில் பார்த்தால் மணிக்கட்டில் என் விரல்கள் பதிந்த தடம், கன்றிப்போய் நீலமாக.

அன்றிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. அதற்கு முன்பும் ரொம்ப வந்தது என்று சொல்ல முடியாது. சாயங்காலம் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வேன், மாமி என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஒரு பதில் வராது. மே மாதமும் அக்டோபர் மாதமும் எங்கள் தெரு முழுக்க ஜெபமாலை சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஜெபம் சொல்ல இவர்களைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்டவர்களுக்கு ஜெபமாலையில் மணிக்கு மணி சொல்கிற 'அருள் நிறைந்த மரியே' கூட இல்லாமல் போய்விட்டதே என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலிக்கிறது. மாலை மட்டும் இருக்கிறது. பத்துப் பத்தாகக் கோத்த மணிகளில் நாலாவது பத்தில் ஒரு மணி எப்போதோ உதிர்ந்துவிட்டது, அந்த இடத்தில் கறுப்பு நூலால் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். விரல் அந்த முடிச்சுக்கு வந்ததும் நின்று தடவிக்கொண்டே இருக்கும்.

அன்பியக் கூட்டத்துக்கு, அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடுகிற ஜெபக் கூட்டத்துக்கு, வருகிறவர்கள் என்னைப் புனிதை என்கிறார்கள். விதவையான மாமியாரை விட்டுப் போகாத பைபிள் மருமகள் ரூத்து கதையைச் சொல்கிறார்கள். தயவுசெய்து நீங்களாவது அதைச் சொல்லாதீர்கள். ரூத்தின் மாமியாருக்கு ரூத்து யார் என்று தெரியும்.

என் கேள்வி இதுதான். என்னிடம் உள்ளதை எல்லாம் கொடுத்தாலும், உடம்பையே எரிக்கக் கொடுத்தாலும், அன்பு இல்லையென்றால் பயன் ஒன்றுமில்லை என்று பவுல் எழுதியிருக்கிறார். நான் கழுவுகிறேன், ஊட்டுகிறேன், துவைக்கிறேன். மனசுக்குள் அன்பு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தால் அலுப்புதான் இருக்கிறது. அப்படியானால் இந்த ஆறு வருடமும் ஒன்றுமே இல்லையா? யூபிலி ஆண்டு என்பதால் கோவிலில் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று பேனர் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எதிர்நோக்க என்ன இருக்கிறது என்று யோசிக்கிறேன். மாமியின் சாவு ஒன்றுதான். அதைக் கேட்டு மன்றாடவும் முடியவில்லை, நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஞாயிறு பூசைக்கும் மாதத்துக்கு ஒரு தடவைதான் போகிறேன். அந்த இரவுக்குப் பிறகு நன்மை (நற்கருணை) வாங்கவில்லை.


குவைத் நர்ஸ், மார்ச் 27

அக்கா, நான் 14 வருடமாக இங்கே வயதானவர்களைப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். ஆன்மிகம் பேசுகிறவர்கள் பின்னால் வருவார்கள். நான் முதலில் ஒன்று கேட்கிறேன். மாமிக்கு இந்த ராத்திரித் தொந்தரவு திடீரென்று அதிகமாயிற்றா? அப்படியென்றால் நாளைக்கே சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். வயதானவர்களுக்குச் சிறுநீரில் தொற்று வந்தால் காய்ச்சலோ எரிச்சலோ தெரியாமலேயே இருக்கலாம், புத்தித் தடுமாற்றம்தான் முதலில் தெரியும். எத்தனையோ பேரை 'நோய் முற்றிவிட்டது' என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். மருந்து கொடுத்தால் சரியாகிற விஷயம்.

பொழுது சாய்கிற நேரத்தில் இவர்களுக்குப் பதற்றம் வருவது சாதாரணம். இருட்டுக் கட்டும் முன்பே வீட்டில் எல்லா லைட்டையும் போட்டுவிடுங்கள். நிழல் விழுந்தால் பயப்படுவார்கள். 'நான் யாருன்னு தெரியுதா?' என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம், விருந்தாளிகளிடமும் சொல்லிவையுங்கள். அது அவர்களுக்குப் பரீட்சை மாதிரி.

தோணி விஷயத்தில் நீங்கள் பொய்யும் சொல்ல வேண்டாம், மாமா செத்ததையும் சொல்ல வேண்டாம். தோணியைப் பற்றி அவர்களிடமே கேளுங்கள். 'எந்தத் தோணி மாமி? என்ன சரக்கு? மாமா வந்தா என்ன வாங்கிட்டு வருவாங்க?' அவர்கள் தேடுவது ஆளைத்தான். ஆளைப் பற்றிப் பேசினாலே பாதி வந்த மாதிரி. என் அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்த மணிக்கட்டுத் தடத்தை நினைத்து நீங்கள் அழுதிருப்பீர்கள். இத்தனை நாள் சரியாகத் தூங்காதவர் கை அப்படித்தான் போகும். சரி என்று சொல்லவில்லை. ஆனால் அது மறுபடி நடக்காமல் இருக்க வேண்டுமென்றால் ஜெபத்தோடு தூக்கமும் வேண்டும். வாரத்தில் இரண்டு இரவாவது உங்கள் வீட்டுக்காரர் மாமி அறையில் படுக்கட்டும். கூச்சப்பட்டால் அப்போது மட்டும் உங்களை எழுப்பட்டும்.


பிடி அரிசி, மார்ச் 28

சகோதரி, நான் திருச்சிக்காரன். வின்சென்ட் தே பவுல் சபையில் 22 வருடமாக இருக்கிறேன். வாரம் தவறாமல் இரண்டு இரண்டு பேராக ஏழைகள் வீட்டுக்கும் நோயாளிகள் வீட்டுக்கும் போவதுதான் எங்கள் வேலை. 1833-ல் பாரிசில் ஓசானாம் என்ற கல்லூரி மாணவரும் அவர் கூட்டாளிகளும் தொடங்கியது, வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற அந்தப் பழக்கம் இன்றுவரை மாறவில்லை. என் பெயருக்குக் காரணம், எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்த வீடுகளில், தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கொண்டுவரும் வழக்கம்.

நீங்கள் பவுலை மூன்றாம் வசனத்தோடு நிறுத்திவிட்டீர்கள். நாலாம் வசனத்தை எடுத்து வாசியுங்கள். அன்பு பொறுமையுள்ளது, நன்மை செய்யும், பொறாமைப்படாது, எரிச்சலுக்கு இடம் கொடாது, எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும் என்று போகிறது. நானும் பல வருடம் இதைக் கல்யாணப் பூசைகளில் கேட்டுவிட்டு, ஏதோ உருகுகிற உணர்ச்சியைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தவக்காலத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு அடிக்கோடு போட்டேன். உருக்கம் என்று ஒரு சொல் அதில் இல்லை. எல்லாம் செய்வது, செய்யாமல் விடுவது, தாங்குவது. நாள் முழுக்க நீங்கள் செய்வதும் அதுதானே? அந்த ஒரு இரவில் எரிச்சலுக்கு இடம் கொடுத்துவிட்டீர்கள், அது உண்மை. அதற்குத்தான் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற ஒப்புரவு இருக்கிறது. உங்கள் பங்குச் சாமியாருக்கு உங்கள் குரல் தெரியும் என்று கூச்சமாக இருந்தால் பக்கத்துப் பங்குக்குப் போங்கள். பாவத்தைச் சொல்வதற்குப் பங்கு எல்லை கிடையாது.

பிரான்சு நாட்டுக் கன்னியரான புனிதை, குழந்தை இயேசுவின் தெரசாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லிசியே மடத்தில் அவருக்கு முன்னாலிருந்தே ஒரு வயதான கன்னியர், தனியே நடக்க முடியாதவர், எதிலும் குறை காண்பவர். சாயங்கால ஜெபம் முடிந்ததும் அவரைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போக யாரும் முன்வரவில்லை, தெரசா வந்தார். இடுப்புக் கயிற்றைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். வேகமாகப் போனால் 'என்னைத் தள்ளிவிடப் பார்க்கிறாய்', மெதுவாகப் போனால் 'நீ பின்னால் வரவே இல்லை'. தினமும் இதே கதை. உட்காரவைத்து, அவர் விரும்புகிற விதமாகவே சட்டைக் கையை மடித்துவிட்டுத் திரும்புவார். ஒருநாள் கவனித்தால், அந்தக் கிழவிக்கு ரொட்டியை வெட்ட முடியவில்லை. அன்றிலிருந்து ரொட்டியையும் வெட்டிக் கொடுத்துவிட்டு ஒரு புன்னகை செய்துவிட்டுப் போவார். தனக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அதே தெரசாவுக்குச் சாவதற்கு முன் ஒன்றரை வருடம் விண்ணகம் என்று ஒன்று இருக்கிறதா என்ற இருட்டு. 1897-ல், 24 வயதில் அந்த இருட்டோடுதான் இறந்தார். உங்களுக்கு ஜெபம் வரவில்லை என்பதை வைத்துக் கடவுள் உங்களை விட்டுப் போய்விட்டார் என்று முடிவு கட்டாதீர்கள்.

ஞாயிறு பூசை விஷயத்தில் மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நோய், கைக்குழந்தையைப் பராமரிப்பது போன்ற தக்க காரணம் இருந்தால் கடமை இல்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2181-ஆம் எண்ணிலேயே இருக்கிறது. இந்த நிலையில் இருக்கும் மாமியாரைத் தனியே விட்டுவிட்டு வரச் சொல்லி எந்தச் சாமியாரும் கேட்கமாட்டார். ஆனால் உங்களுக்குப் பூசை வேண்டியிருக்கிறது, அது வேறு விஷயம். முதல் வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கு நன்மை கொண்டுவருகிற பட்டியலில் மாமி பெயரைக் கொடுங்கள், வீட்டில் நீங்களும் சேர்ந்து வாங்கலாம். உங்களைப் புனிதை என்கிற அந்த அன்பியக்காரர்களிடம், ஞாயிற்றுக்கிழமை 2 மணி நேரம் யார் வந்து மாமியோடு உட்காருவீர்கள் என்று கேளுங்கள். கூச்சப்படாமல் பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், யாரும் வரமாட்டார்கள். 22 வருட அனுபவம்.


அமுதா மதுரை, மார்ச் 28

எனக்கு உங்கள் வேதம் தெரியாது, பக்கத்துவீட்டுத் தோழி இந்த இணைப்பை அனுப்பினாள். என் அப்பாவை 4 வருடம் பார்த்தேன். அவர் போகட்டும் என்று நானும் நினைத்திருக்கிறேன். போன பிறகு தெரிந்தது, அவர் போகட்டும் என்று நினைக்கவில்லை, அந்த அவஸ்தை போகட்டும் என்றுதான் நினைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்ததால் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சாப்பிட்டீர்களா அக்கா?


கோட்டாறு வாத்தியார், மார்ச் 30

அன்பு மகளுக்கு. எனக்கு 71 வயது. என் அப்பா உபதேசியார், கடற்கரை ஊர்களில் பிள்ளைகளுக்கு மந்திரம், அதாவது ஜெபங்கள், சொல்லிக்கொடுத்தவர். மற்றவர்கள் நல்ல யோசனைகள் சொல்லிவிட்டார்கள். எனக்கு உங்கள் பதிவில் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருந்தது. 'அருள் நிறைந்த மரியே' கூட மாமிக்கு இல்லாமல் போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு நாள் யோசித்தேன். மாமி பிறந்தது 1941 வாக்கில் இருக்கும். அந்தப் பிள்ளை 'அருள் நிறைந்த மரியே' என்று படித்திருக்கவே மாட்டாளே!

1962-65-ல் உரோமையில் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் நம் ஜெபங்களின் தமிழ் மாறியது. அதற்கு முன்பு நாங்கள் எல்லாம் சொன்னது, 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே'. பாதிக்கு மேல், 'அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்'. சிலுவை அடையாளமும் தூய ஆவியின் பெயரால் அல்ல, இஸ்பிரீத்துசாந்துவின் நாமத்தினாலே. மாமி பெரியவர்களான பிறகு புதுசையும் கற்றுக்கொண்டு தெருவுக்கே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் இந்த நோய் பிந்தி வந்ததை முந்தி எடுத்துக்கொண்டு போகிறது என்பார்கள். அடியில் கிடப்பது பழசுதான். அதைச் சொல்லிப் பாருங்கள். அர்த்தம் புரிகிறதா என்று கவலைப்பட வேண்டாம். ஒரே ராகத்தில், அவசரப்படாமல் சொல்லுங்கள்.

உங்கள் கடற்கரைக்குச் சவேரியார் 1542-ல் வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை உட்காரவைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், மரியாயிடம் வேண்டுகிற மங்கள வார்த்தை எல்லாவற்றையும் தமிழில் பெயர்த்து வாய்ப்பாடமாக மனனம் செய்துகொண்டார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி அதைச் சொல்லிக்கொடுத்தார். சொல்லுகிறவருக்கே பாஷை முழுசாக வசப்படாத ஜெபம். அதில்தான் நம் விசுவாசம் இந்தக் கரையில் வேர் பிடித்தது. அந்த இஸ்பிரீத்துசாந்து என்பதும் அந்தக் காலத்துப் போர்த்துக்கீசியச் சொல்தான். ஆகவே மனசு வராமல் வாய் மட்டும் சொல்கிறதே என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். வாய் முன்னால் போகட்டும்.

எதிர்நோக்கு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜெபமாலை தொடக்கத்தில் வருகிற மூன்று சின்ன மணிகளுக்கு நாங்கள் தேவ விசுவாசம், தேவ நம்பிக்கை, தேவசிநேகம் என்று மூன்று புண்ணியங்களைக் கேட்போம். அன்றைக்கு 'நம்பிக்கை' என்று சொன்னதைத்தான் இன்றைய வேதாகமம் 'எதிர்நோக்கு' என்கிறது. விசுவாசத்துக்கு இப்போது 'நம்பிக்கை' என்று பெயர். மாற்றியபோது எனக்குப் பிடிக்கவில்லை, வகுப்பில் பிள்ளைகள் முன்னாலேயே முணுமுணுத்திருக்கிறேன். உங்கள் பதிவை வாசித்த பிறகு அந்தச் சொல் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. ஆறு மணிக்கு வாசலில் போய் நிற்கிறார்களே உங்கள் மாமி, எதிரே நோக்கிக்கொண்டு.

சீராக்கின் ஞானம் மூன்றாம் அதிகாரத்தையும் ஒருதரம் எடுத்துப் பாருங்கள். தகப்பனுக்கு முதுமையில் அறிவு குறைந்துபோனாலும் பொறுமையாயிரு, உனக்குத் தெம்பு இருக்கிறது என்பதற்காக அவரை இழிவாக நடத்தாதே என்று வருகிறது. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே, இப்படிப்பட்ட வீடும் இப்படிப்பட்ட இரவும் இருக்கும் என்று அறிந்த ஒருவர் எழுதியது.


முத்துநகர் மருமகள், ஏப்ரல் 29

ஒரு மாதம் கழித்து வருகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். எல்லாருடைய பதிலையும் பல தடவை வாசித்தேன். ஒன்றிரண்டை என் வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டினேன்.

குவைத் தங்கச்சி, நீ சொன்ன மாதிரி மறுநாளே பரிசோதனைக்குக் கொடுத்தோம். தொற்று இருந்தது. ஏழு நாள் மாத்திரை. நாலாவது நாள் இரவு மாமி விடியும்வரை தூங்கினார்கள், நான்தான் பழக்கதோஷத்தில் 2 மணிக்கு எழுந்து அவர்கள் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இரவு அவர்களுக்கு வலித்திருக்கிறது. சொல்லத் தெரியாமல் கதவைத் தட்டியிருக்கிறார்கள். இதை எழுதும்போதும் கண் நிறைகிறது.

இப்போது 5 மணிக்கே லைட் போட்டுவிடுகிறேன். தோணியைப் பற்றிக் கேட்டால் எவ்வளவு பேசுகிறார்கள் தெரியுமா? மாமா ஒருதடவை கொழும்பிலிருந்து நீலப்பூப் போட்ட பீங்கான் கோப்பை ஆறு வாங்கிவந்தாராம், தோணியிலிருந்து இறக்கிவைக்கும்போது ஒன்று உடைந்துவிட்டதாம். முப்பது வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், அலமாரியில் ஏன் ஐந்து கோப்பை இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் பக்கத்துப் பங்குக்குப் போய் ஒப்புரவு செய்தேன். கத்தியதை, இழுத்ததை, சாகட்டும் என்று சொன்னதை, எல்லாம் சொன்னேன். சாமியார் அதிகம் பேசவில்லை. வீட்டுக்குப் போய் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு உட்காருங்கள், அதுதான் தவமுயற்சி என்றார். உட்கார்ந்தேன். தடம் எப்போதோ மறைந்துவிட்டது. தோல் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக இருக்கிறது. மாமி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "கை சூடா இருக்கே சிஸ்டர், சாப்புட்டீங்களா?" என்றார்கள். அமுதா, உங்கள் ஞாபகம்தான் வந்தது. சாப்பிட்டேன்.

திருச்சி அண்ணன் சொன்னபடி பெயர் சொல்லிக் கேட்டேன். இரண்டு பேர் முடியாது என்றார்கள், ஒருவர் வந்தார். நான் எதிர்பார்க்காத ஆள், எங்களோடு வரப்புச் சண்டை மாதிரி ஒரு சுவர்ச் சண்டையில் பல வருடம் பேசாமல் இருந்த எதிர்வீட்டு அக்கா. ஞாயிறு காலையில் வந்து உட்காருகிறார்கள், நான் முதல் பூசைக்குப் போய்விட்டு வருகிறேன். ஈஸ்டர் அன்று நன்மை வாங்கினேன்.

மனசுக்குள் அன்பு வந்துவிட்டதா என்று கேட்டால், அலுப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் தேடிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். நாலாம் வசனத்துக்கு நானும் அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

வாத்தியார் ஐயா, உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதிய அன்றே பழைய மந்திரத்தைச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்று வாரமும் இல்லை. எனக்கே அந்த வார்த்தைகள் வாயில் புரளவில்லை, போனைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

போன சனிக்கிழமை பிரான்சிஸ் பாப்பரசரின் அடக்கப் பூசையை டிவியில் காட்டினார்கள். அவர் தன்னை உரோமையில் மரியா மஜோரே பேராலயத்தில் அடக்கம் செய்யச் சொல்லியிருந்தார் அல்லவா, ஆகஸ்ட் மாதம் பனி பெய்த இடத்தில் கட்டியது என்று சொல்லும் கோவில் அதுதான், நம் பனிமய மாதா பெயரே அங்கிருந்து வந்தது. "நம்ம மாதாகிட்டதான் போறாங்க மாமி" என்றேன். மாமி டிவியைப் பார்த்துக் கை குவித்தார்கள். பேழையைத் தெருவழியாகக் கொண்டுபோகிறவரை குவித்த கையை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஆறு மணி அடித்தது. வழக்கம்போல் வாசல்வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். நான் மாலையைக் கையில் கொடுத்து, பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்துவின் நாமத்தினாலே என்றேன். வலது கை தானாக நெற்றிக்குப் போனது. அப்புறம் நான் பிரியதத்தத்தினாலே என்பதில் தடுக்கினேன், 'பிரியத... பிரியதத்த...' என்று நின்றுவிட்டேன்.

"பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று மாமி திருத்தினார்கள். சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே குரல். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அவர்களே பாதியைச் சொல்லி, நான் சொல்ல வேண்டிய மறுபாதிக்காக என் முகத்தைப் பார்த்தார்கள். ஏழு தடவை சொன்னோம். எட்டாவதில் நின்றுபோனது, அதற்குமேல் எடுத்துக்கொடுத்தும் வரவில்லை. விரல் நூல் முடிச்சைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "சிஸ்டர், நீங்களும் நம்ம வேதமா?" என்றார்கள்.

"ஆமா மாமி."

"நல்லதாப் போச்சு. எம் மருமவ வந்ததும் மூணு பேருமாச் சொல்லுவோம்."